கண்ணிற் குருதி கண்டால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சுவையையும் இசைச் சுவையையும் எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் உங்கள் முன்னர், கண்ணில் தோன்றும் குருதிச் சிவப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "இஃதென்ன தலைப்பு?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். யான் மருத்துவனும் அல்லன். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்புத் தேர்வோடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டவன். ஆயினும் நாள்தோறும் பேரேட்டு எண்களின்மீதும் கணிப்பொறித் திரையின்மீதும் கண்ணை ஓட்டிப் பிழைப்பவன் ஆதலால், கண்ணின் அருமை எனக்குத் தெரியும். கண் மருத்துவர்கள் கூறக் கேட்டவற்றையும் நூல்களிற் படித்தவற்றையும் தொகுத்து, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நாம் வாழும் கொச்சங்காடி பழம்பெருமை வாய்ந்த இடம். 1344-ஆம் ஆண்டில் இங்கு எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு, இன்றும் மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூட வளாகத்தில் உள்ளது. மிளகும் சுக்கும் மஞ்சளும் பல நாட்டு வணிகரை இக்கரைக்கு இழுத்து வந்தன. அவ்வணிகத்தின் நிழலிலேதான் நம் முன்னோரும் பிழைப்பு நாடி மலை கடந்து வந்தனர். சரக்கு மூட்டைகளைத் தூக்குவோர் நம்மில் உளர். பண்டகசாலையில் சுக்கும் மிளகாயும் பொறுக்குவோர் உளர். சலவைத் துறையில் காரமும் வெளுப்புத் தூளும் கையாள்வோர் உளர். என்னைப்போல் மேசை முன் அமர்ந்திருப்போரும் உளர். தொழில் எதுவாயினும் அதன் தூசும் காரமும் களைப்பும் முதலில் தாக்குவது கண்ணைத்தான். ஆதலின் இப்பேச்சு நம் காலனிக்கு அயலானதன்று.

காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறோம். வெண்விழியின் ஒரு பகுதி குங்குமத்தைக் கொட்டினாற்போற் செக்கச் சிவந்திருக்கிறது. நேற்றிரவு படுக்கும்போது ஒன்றும் இல்லை, வலியும் இல்லை, பார்வையிலும் குறைவில்லை. ஆனால் காண்போர் அனைவரும் பதறுகின்றனர். "கண்ணில் இரத்தம் கட்டிவிட்டது, மூளையில் ஏதோ வெடித்துவிட்டது" என்கிறார் ஒருவர். "எவரோ கண் வைத்துவிட்டார்" என்கிறார் மற்றொருவர். வீடே கலங்குகிறது.

உண்மையில் நிகழ்ந்தது யாது? வெண்விழியின்மேல் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மருத்துவர் அதனை விழிவெண்படலம் என்பர். அச்சவ்வில் மயிரிழையினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் பல ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று உடைந்தால் கசியும் குருதி வெளியே வழிவதில்லை. சவ்வுக்கும் வெண்விழிக்கும் இடையே பரவித் தங்கிவிடுகிறது. ஒரு துளிக் குருதியும் வெள்ளைப் பரப்பில் பரவும்போது பெருங்காயம் போல் அச்சுறுத்துகிறது. கையில் அடிபட்டால் தோலின்கீழ்க் குருதி கட்டிக் கன்றிப்போவதில்லையா? இஃதும் அத்தகையதே. தோல் ஒளியை மறைப்பதால் கையில் நீலமாகத் தெரிகிறது. கண்ணின் சவ்வோ ஒளி ஊடுருவுவது. அதன் வழியே காற்றிலுள்ள உயிர்வளியும் உட்புகுவதால், அக்குருதி கருக்காமல் செந்நிறமாகவே விளங்குகிறது.

குழாய் உடைவதற்குரிய காரணங்கள் எளியவை. கடுமையான இருமல், அடுக்குத் தும்மல், வாந்தி, மலச்சிக்கலால் முக்குதல், பெருஞ்சுமை தூக்குதல், தூக்கத்தில் கண்ணைக் கசக்குதல் ஆகிய இவற்றுள் எதுவாயினும் போதும். மகப்பேற்றின்போது அழுத்தத்துக்குள்ளாகும் பச்சிளங் குழந்தையின் கண்ணிலும் இச்சிவப்புத் தோன்றுவதுண்டு. கக்குவான் இருமல் கண்ட குழந்தைக்கும் தோன்றுவதுண்டு. எந்தக் காரணமும் புலப்படாமல் வருவதும் மிகுதி.

இதற்கு மருந்து யாது? காலமே மருந்து. முதல் ஓரிரு நாள்களில் சிவப்புச் சற்றுப் பரவுவது போலத் தோன்றும், அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர் மங்கி, மஞ்சள் பாய்ந்து, ஒன்று முதல் மூன்று கிழமைகளுக்குள் சுவடின்றி மறைந்துவிடும். எந்தச் சொட்டு மருந்தும் அதனை விரைந்து மறையச் செய்வதில்லை. மணல் விழுந்தாற்போல் இலேசான உறுத்தல் இருப்பின், கண்ணீர் போன்ற குளிர்ச்சியான சொட்டு மருந்தை மருத்துவர் தருவர். கண்ணைக் கசக்காதிருப்பதே நாம் செய்யத்தக்கது.

நம் நாட்டில் கண்ணிற் குருதி என்றதும் நினைவுக்கு வருபவர் கண்ணப்பர். சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறும் அவ்வரலாற்றைச் சமயக் கருத்தோடு அன்றி, மனித இயல்பை நோக்கிக் காண்போம். காளத்தியில் இறைவன் திருவிழியில் குருதி பெருகக் கண்ட திண்ணனார் நிலைகுலைந்தார். தீங்கு செய்தவர் எவரேனும் உளரோ என்று முதலில் நாற்புறமும் தேடினார். எவரையும் காணாமையால் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார். அதனாலும் நில்லாமையால் தம் கண்ணையே இடந்து அப்பினார். அன்புடையார் ஒருவரின் கண்ணிற் குருதி கண்டால், "யார் செய்தது?" என்று தேடுவதும், பின்னர்ப் பச்சிலையை நாடுவதும் அன்று முதல் நம் இரத்தத்தில் ஊறியவை. இன்றும் நம் இல்லங்களில் அதே வரிசைதான். முதலில் உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றுகிறோம். பிறகு தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூவின் சாறு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் விடுகிறோம்.

முன்னோர் வழக்கத்தை இகழ்வது என் கருத்தன்று. கண்ணை மூடிக்கொண்டு குளிர்ந்த பூவை இமையின்மேல் வைப்பதால் கேடொன்றும் இல்லை, இதமாகவே இருக்கும். ஆனால் தூய்மை செய்யப்படாத எந்தப் பொருளையும் கண்ணுக்குள் விடுதல் கூடாது. பாலிலும் இலைச் சாற்றிலும் நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சும்மா இருந்தால் தானே ஆறிப்போகும் சிவப்பு, நாம் செய்யும் கைம்மருந்தால் புண்ணாக மாறக்கூடும். திருஷ்டி சுற்றுவோரும் மிளகாயைச் சிவந்த கண்ணுடையவரின் முகத்தருகே புகைய விடாதிருப்பது நலம்!

இதுகாறும் கூறியது கேட்டு, "அப்படியாயின் கண் சிவந்தால் ஒன்றும் செய்ய வேண்டா போலும்" என்று எவரும் எண்ணிவிடலாகாது. யான் இங்கு வந்ததன் முதற்காரணமே அவ்வெண்ணத்தைத் தடுப்பதற்குத்தான். எங்கள் இருப்புப்பாதையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் பொருள் விபத்து நேர்ந்துவிட்டது என்பதன்று. "நில், காரணம் தெரியாமல் மேலே செல்லாதே" என்பதே. சிவப்பைக் கண்டு வண்டியிலிருந்து குதிக்கும் ஓட்டுநரும் பிழை செய்கிறார். அதனைப் பொருட்படுத்தாமல் வண்டியைச் செலுத்துபவரும் பிழை செய்கிறார். கண்ணின் சிவப்பும் இத்தகையதே. அது நம்மை நின்று இரண்டொரு வினா எழுப்பச் சொல்கிறது.

முதல் வினா: வலி உண்டா? இரண்டாவது: பார்வை மங்குகிறதா? மூன்றாவது: ஒளியைக் கண்டால் கூசுகிறதா? நான்காவது: பீளையோ சீழோ வருகிறதா? ஐந்தாவது: அடி பட்டதா, ஏதேனும் தெறித்ததா? ஆறாவது: இதற்கு முன்னும் அடிக்கடி வந்திருக்கிறதா, ஈறு மூக்கு முதலிய இடங்களிலும் குருதி கசிகிறதா? இவ்வாறு வினாவுக்கும் "இல்லை" என்பதே விடையாயின் அச்சமின்றி இருக்கலாம். ஒன்றுக்கேனும் "ஆம்" என்று விடை வருமாயின், அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது.

நாம் செய்யும் தவறு இவ்விடத்திலேதான் உள்ளது. வலியில்லாத சிவப்பு பார்வைக்குக் கொடியதாகத் தோன்றுவதால் நள்ளிரவிலும் வண்டி பிடித்து ஓடுகிறோம். வலியுள்ள சிவப்போ இலேசான செம்மையாகத் தோன்றுவதால், "சூட்டினால் வந்தது, சரியாகிவிடும்" என்று பத்து நாள் பொறுத்திருக்கிறோம். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருக்கிறோம்.

இதற்கு நம்மிடையே நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். பெயர்களைக் கூறுதல் முறையன்று.

என் நண்பர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டாதவர், ஒரு நாட்காலையில் வலக்கண் முழுதும் சிவந்து எழுந்தார். வலி இல்லை, பார்வை தெளிவாகவே இருந்தது. மனைவி மக்கள் அழுத அழுகையில் அவர் மருத்துவமனைக்குச் சென்றார். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்று கூறி, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்தார். 200-க்கு 110 என்று காட்டிற்று. அதுவரை அவர் தம் இரத்த அழுத்தத்தை ஒருமுறையேனும் அளந்து பார்த்தவரல்லர். தலைவலி கூட இல்லாதவர். இரண்டு கிழமையில் கண்ணின் சிவப்பு மறைந்தது. ஆனால் அன்று தொடங்கிய மாத்திரை இன்றும் தொடர்கிறது. அச்சிவப்பு அவருக்கு நோயன்று. நோயை அறிவிக்க வந்த தூதுவன்.

மற்றொருவர் நம் காலனியில் வாழ்ந்த ஒரு தாயார். பண்டகசாலையில் சுக்குப் பொறுக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஒரு நாள் சுக்கின் சிம்பு ஒன்று கண்ணில் தெறித்தது. கண் சிறிது சிவந்தது, உறுத்திற்று, நீர் வடிந்தது. கூலி போய்விடும் என்று மருத்துவமனைக்குச் செல்லவில்லை. நான்கு வீட்டார் அன்போடு நான்கு மருந்து தந்தனர். அவற்றுள் ஒன்று, கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவர் வீட்டில் மிகுந்திருந்த சொட்டு மருந்து. அதை விட்டதும் சிவப்புக் குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் சில நாள்களில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றிப் பரவிற்று. மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கண்ணில் இன்று வெளிச்சமும் இருளும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

அம்மருந்து செய்த தீங்கு யாது? கண்ணறுவைக்குப்பின் தரப்படும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் பொருள் உண்டு. அது வீக்கத்தையும் சிவப்பையும் விரைவில் தணிக்கும். மருத்துவர் கண்காணிப்பில் அது அரிய மருந்து. ஆனால் இலை, தழை, நெல், சுக்கு முதலிய பயிர்ப்பொருள்கள் கண்ணிற் பட்டால் கருவிழியில் பூஞ்சைக் காளான் பற்றிப் புண் உண்டாதல் கூடும். அந்நிலையில் ஸ்டீராய்டு விட்டால், உடலின் எதிர்ப்பு அடங்கிப் பூஞ்சை தழைத்து வளரும். வெளிச் சிவப்புக் குறைய, உட்புண் பெருகும். மேலும், மருத்துவர் சொல்லாமல் அம்மருந்தை நெடுநாள் விட்டுவந்தால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு கெட்டு, மீட்க முடியாத குருடும் நேரக்கூடும். எனவே ஒருவர்க்குத் தந்த கண் மருந்தை மற்றொருவர்க்குக் கொடுப்பது அன்பின் செயலாகத் தோன்றினும், பெருந்தீங்காக முடியும்.

இத்தகைய கருவிழிப் புண் நம் தமிழ் நிலத்தில் அரிதானதன்று. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்கு ஆராய்ந்து கணக்கிட்டபோது, இலட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் அது கண்டிருந்தது. வயலிலும் களத்திலும் உழைப்போரே அதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். நம் பண்டகசாலைகளில் உழைப்போரும் அதே நிலையினர்தாம்.

இனி, கண் சிவக்கும் வகைகளுள் தொற்றிப் பரவுவதைப் பற்றிச் சில சொற்கள். தமிழ்நாட்டில் "மெட்ராஸ் ஐ" என்றும், இங்குள்ள மலையாள அன்பர்கள் "செங்கண்ணு" என்றும் வழங்குவது அதுவே. அதனுள் ஒரு வகையில் வெறுஞ் சிவப்போடு நில்லாது, சவ்வின்கீழ்க் குருதியே கசிந்து பரவும். 1969-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அது பெருவாரியாகத் தோன்றிற்று. அவ்வாண்டு சூலைத் திங்களில் அப்போலோ 11 என்னும் விண்கலத்தில் சென்றோர் நிலவில் கால் வைத்தனர். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் மக்கள் அந்நோய்க்கு "அப்போலோ நோய்" என்றே பெயரிட்டனர்! அது கடல் கடந்து ஆசியாவுக்கும் வந்தது. 1971-ஆம் ஆண்டில், வங்கதேச விடுதலைப் போரின்போது, வங்காளத்தில் அது பரவவே, அங்குள்ளோர் அதனை "ஜெய் பங்களா" என்று அழைத்தனர். மனிதன் தன் நோய்க்கும் செய்தித்தாளின் தலைப்பிலிருந்து பெயர் எடுக்கிறான்! ஆராய்ந்த அறிஞர்கள் எண்டிரோவைரஸ் 70, காக்சாக்கி ஏ 24 என்னும் நச்சுயிர்களே அதற்குக் காரணம் எனக் கண்டறிந்தனர்.

இந்நோய் தொற்றிய ஓரிரு நாளிலேயே கண் திடுமென வலித்து, இமை வீங்கி, நீர் வடிந்து சிவக்கும். பெரும்பாலும் ஒரு கிழமை அளவில் தானே நீங்கும். நோயுள்ளவரைப் பார்த்த அளவில் தொற்றும் என்று நம்மிற் பலர் நம்புகின்றனர், அது மெய்யன்று. பார்வை நோயைக் கடத்துவதில்லை, கைதான் கடத்துகிறது. கண்ணைத் தொட்ட கை, துண்டைத் தொடுகிறது. கதவின் கைப்பிடியைத் தொடுகிறது. அங்கிருந்து மற்றொருவரின் கைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. கறுப்புக் கண்ணாடி அணிவது ஒளிக் கூச்சத்துக்கு நல்லது, பிறரைக் காப்பதன்று. துண்டு, தலையணை உறை, சொட்டு மருந்து இவற்றைத் தனியே வைத்தலும், சோப்பிட்டு அடிக்கடி கை கழுவுதலும், குழந்தையைச் சில நாள் பள்ளிக்கு அனுப்பாதிருத்தலுமே காப்பு. ஒட்டி ஒட்டி வீடுகள் அமைந்த நம் காலனியில் ஒருவர் காக்கும் தூய்மை இருபது வீட்டைக் காக்கும்.

சிவப்புக் கண்ணோடு கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிதல் ஆகியவை சேர்ந்து வருமாயின், அது கண்ணின் உள்ளழுத்தம் திடுமென உயர்ந்ததன் குறியாகலாம். "பித்த வாந்தி" என்று கருதிக் கஷாயம் கொடுத்துக் காலம் போக்கினால், மணிக் கணக்கிலேயே பார்வை கெடக்கூடும். இந்நோயின் மற்றொரு வகை வலியே இல்லாமல் மெல்ல மெல்லப் பார்வையின் ஓரங்களைத் தின்றுவருவது. நாற்பது வயதைக் கடந்தோர் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்வது அறிவுடைமை. பெற்றோர்க்கு அந்நோய் இருந்தவர்கள் இதில் மிகவும் கருத்தாயிருத்தல் வேண்டும்.

சுத்தியல், உளி கொண்டு வேலை செய்வோர் கண்ணிற் சிறு சிவப்புப் புள்ளியைக் கண்டாலும் அலட்சியம் செய்யலாகாது. தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணுக்குள்ளேயே புகுந்து தங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் கண்ணை அழுத்தாமலும் கழுவாமலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெளுப்புத் தூள், அமிலம், சுண்ணாம்பு முதலியன தெறித்தாலோ அதற்கு நேர்மாறு: முதலில் கண்ணைத் திறந்தபடி தூய நீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவ வேண்டும்; பிறகே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள் என்று பாட்டிமார்களைக் கைகூப்பி வேண்டுகிறேன். சுண்ணாம்பு கண்ணின் கருவிழியை வேகவைத்துவிடும். அதைப்போலக் கொடியது பிறிதொன்றில்லை.

அலுவலகத்தில் இருப்போர்க்கும் கைப்பேசியை விட்டுப் பிரியாத இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். நாம் இயல்பாக நிமிடத்திற்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் கண்ணைக் கண்ணீரால் துடைத்து நனைக்கிறது. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது பெரிதும் குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது, உறுத்துகிறது. உறுத்தலால் கசக்குகிறோம், கசக்குவதால் சிறு குழாய் உடையவும் நேர்கிறது. இடையிடையே சாளரத்தின் வழியே தொலைவில் உள்ளதைப் பார்த்து, நன்றாக இமைத்து, கண்ணுக்கு ஓய்வு தாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இதய நோய்க்காக ஆஸ்பிரின், வார்ஃபரின் முதலிய மாத்திரைகளை உட்கொள்வோர்க்குக் கண்ணில் இவ்வாறு குருதி கட்டுவது சற்று எளிது. சிவப்பைக் கண்டு அஞ்சி அம்மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். இஃது மிகவும் ஆபத்தானது. கண்ணிற் கட்டிய குருதி தானே கரையும். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ கட்டும் குருதி உயிரையே பறிக்கும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

கண் மருத்துவத்தில் தமிழகம் பெற்றுள்ள பெருமையையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கென்று தனி மருத்துவமனை தோன்றிற்று. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றான அஃது இன்றும் எழும்பூரில் ஏழை எளியோர்க்குப் பணிபுரிந்து வருகிறது. இறந்தோரின் கண்ணைப் பெற்று இருந்தோர்க்குப் பொருத்தும் பணிக்காக, இந்தியாவின் முதற் கண் வங்கி 1945-ஆம் ஆண்டில் அங்குதான் தொடங்கப்பெற்றது. கண்ணப்பர் உயிரோடிருக்கும்போதே கண்ணை இடந்து கொடுத்தார். நாம் போன பிறகு மண்ணுக்கும் தீக்கும் போகும் கண்ணைக் கொடுப்பதற்கு அத்துணை வீரம் வேண்டியதில்லை. வீட்டார்க்கு முன்னரே சொல்லிவைத்திருந்தாற் போதும்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாத நோயால் கைவிரல்கள் கோணிப்போன பின்னரும், அவ்விரல்களைக் கொண்டே கண்ணறுவை செய்யப் பயின்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் நட்ட செடியோ இன்று பெருமரமாகி, பொருளற்றோர்க்கும் ஒளி தந்து நிற்கிறது. விரல் கோணியவர் பல்லாயிரவர் பார்வையை நேராக்கினார் எனின், நலமுள்ள கையுடைய நாம் நம் அண்டை வீட்டாரின் கண்ணுக்காகச் சிறிதேனும் செய்யலாகாதா?

அன்பர்களே! முடிவாகச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் படிப்பகத்தில் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்தல் வேண்டும். ஆண்டு விழாப் பந்தற் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது. ஞாயிறுதோறும் மாலையில், பயின்ற இளைஞர் ஒருவர் நாற்பது வயதைக் கடந்த அனைவர்க்கும் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டியவர்களையும் தாண்டியவர்களையும் கருவேலிப்படித் தாலுக்கா மருத்துவமனைக்கு அனுப்பட்டும். கண் சிவந்த பிறகுதான் இரத்த அழுத்தத்தை அறிய வேண்டும் என்னும் நிலை நம் காலனியில் எவர்க்கும் வரலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் கண்ணின் உட்புறத்து விழித்திரையையும் ஆண்டுதோறும் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். அங்கே உடையும் குழாய் வெளியே சிவப்பாகத் தெரிவதில்லை. ஓசையின்றிப் பார்வையைக் கொள்ளை கொள்வது அதுவே.

இரண்டாவது, பண்டகசாலைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கும் நம் மக்களுக்குக் காப்புக் கண்ணாடி வாங்கித் தருதல் வேண்டும். "வெயிலில் வியர்க்கிறது, வேலை ஓடவில்லை" என்று அவர்கள் மறுப்பர். தாயார் ஒருவர் இழந்த கண்ணை எடுத்துச் சொல்லி, நாம்தாம் அவர்களை அணியச் செய்ய வேண்டும். கண்ணில் ஏதேனும் விழுந்த அன்றே மருத்துவமனைக்குச் செல்பவர்க்கு அன்றைய கூலியைச் சங்கம் தன் உதவி நிதியிலிருந்து கொடுத்தல் கூடும். ஒரு நாட் கூலிக்கு அஞ்சி ஓர் ஆயுட்காலப் பார்வையை இழக்கும் நிலை இனி நேரலாகாது.

மூன்றாவது, தாய்மார்களுக்கு. இன்றிரவு இல்லம் சென்றதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய கண் மருந்துக் குப்பிகள் எத்தனை உள்ளன என்று எண்ணுங்கள். திறந்து ஒரு திங்களுக்கு மேற்பட்டவற்றையும், எவருக்காக வாங்கியவை என்று தெரியாதவற்றையும் எறிந்துவிடுங்கள். அண்டை வீட்டார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்டால், மருந்தைக் கொடாதீர்கள். அவரோடு துணைக்குச் செல்லுங்கள். மலையாள மொழியில் மருத்துவரிடம் விளக்கமாகப் பேசத் தெரியாமையால் தயங்குவோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்களுக்காகப் பேசும் ஒரு நாவும், அவர்களை அழைத்துச் செல்லும் ஒரு கையுமே நாம் தரத்தக்க மிகச் சிறந்த மருந்து.